கூட்டாளி சொன்ன சேதி: போர்ட் பிளேர், 1944

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கடிதம் நன்றாகப் பழக்கம். நம் கிளைக்குப் புதிதாக ஒரு வியாபாரி வருகிறார். அவருடைய கணக்கு இன்னொரு வங்கியில் இருக்கிறது. "ஆள் எப்படி?" என்று அந்த வங்கிக்கு எழுதிக் கேட்போம். நாலு வரியில் பதில் வரும்: மரியாதையான பார்ட்டி, கணக்கு ஒழுங்காக நடக்கிறது, இத்யாதி. அதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு வரி இருக்கும். இது ரகசியமாகத் தரப்படுகிறது, இதற்கு எங்கள் வங்கியோ அதிகாரிகளோ பொறுப்பல்ல என்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த திருநெல்வேலிக்கார மேனேஜர் அந்தக் கடிதத்தைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். "முதல்ல அஞ்சாவது வரியப் படிங்க தம்பி" என்பார்.

நாடுகளுக்கு நடுவிலும் இந்தக் கடிதப் போக்குவரத்து உண்டு. ஒரு நட்பு நாடு இன்னொரு நாட்டுக்கு உளவுத் தகவல் தருகிறது. இன்னார் எதிரியின் ஆள், இன்ன இடத்தில் ஆயுதம் இருக்கிறது, இன்ன தேதியில் குண்டு வெடிக்கும் என்று. சரிபார்த்த தகவலா என்று தெரியாது. தந்தவனோ நண்பன். நம்புவதா, குப்பைத்தொட்டியில் போடுவதா?

இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் ஈராக்குக்குப் போய்விடுகிறார்கள். நான் மாற்றலாகி வந்து உட்கார்ந்திருக்கும் இந்த ஊரிலேயே, சென்னையிலிருந்து கிட்டத்தட்ட 1,360 கிலோமீட்டர் கடல் தாண்டி, இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதில் நம் ஆள் ஒருவரும் இருக்கிறார். (ஊருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பழைய கதை என்பதால் போர்ட் பிளேர் என்றே எழுதுகிறேன்.) கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

1942 மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. பிரிட்டிஷ் ராணுவம் முன்பே கிளம்பிவிட்டதால் சண்டை எதுவும் நடக்கவில்லை. இங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் நாடு கடத்தப்பட்ட கைதிகளும் அவர்களுடைய பிள்ளைகளும். வெள்ளைக்காரன் போனதில் அவர்களுக்கு வருத்தம் இருக்க நியாயமில்லை. ஆனால் வந்தவர்கள் யார் என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. வீட்டில் புகுந்த சிப்பாய்களை நோக்கி ஏர் கன்னால் சுட்ட ஜுல்ஃபிகர் அலி என்ற இளைஞனை ஊர் கூடிப் பார்க்கக் கொன்றார்கள். தலைமைக் கமிஷனரின் செயலாளராக இருந்த மேஜர் பேர்ட் என்ற ஆங்கிலேயரின் தலையை வெட்டினார்கள். அவர் மீது சொன்ன குற்றம் உளவு. ஆதாரம், வீட்டில் கிடைத்ததாகச் சொன்ன ரேடியோ பாகங்கள்.

உளவு என்ற சொல் இந்தத் தீவுகளில் அங்கே தொடங்கியது. அடுத்த மூன்றரை வருடம் அது ஓயவே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியர்களின் சந்தேகம் முழுக்க வெறும் கற்பனை அல்ல. போருக்கு முன் போர்ட் பிளேரில் போலீஸ் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தி, 1943 ஜனவரியில் சில இந்தியர்களோடு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து தீவில் இறங்கினார். காட்டுக்குள் ஒளிந்து, வேவு பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பியும் போனார். ஆக, தீவில் உளவு நடந்தது உண்மை. ஜப்பானியர்களிடம் இருந்த கேள்வி, யார் என்பது. அதற்குப் பதில் கண்டுபிடிக்க அவர்கள் பிடித்த வழி அடி. ஒருவரை அடித்தால் மூன்று பெயர் வரும். அந்த மூவரையும் அடித்தால் ஒன்பது பெயர் வரும். வலி தாங்காமல் சொன்ன பெயர் ஒவ்வொன்றும் முன்னால் சொன்ன பெயருக்குச் சாட்சி ஆகிவிடும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது என்ன என்று உடனே புரியும். அக்காமடேஷன் பில்! சரக்கே கிடையாது. மூன்று கம்பெனிகள் ஒன்றன் மேல் ஒன்று பில் எழுதிக்கொள்ளும், ஒன்றுக்கொன்று கையெழுத்துப் போடும். மூன்று கையெழுத்து இருக்கிறதே என்று நினைத்து வங்கி பணம் கொடுக்கும். ஒரே கிணற்றுத் தண்ணீரை மூன்று குடத்தில் ஊற்றிவிட்டு மூன்று கிணறு என்று சொல்வது போல. 1943-லேயே போலீஸ் அதிகாரி நாராயண ராவ் உள்ளிட்ட சிலரை இப்படித்தான் உளவாளிகள் என்று சொல்லிக் கொன்றார்கள்.

இனி டாக்டர் திவான் சிங். ராணுவ மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர். 'காலேபானி' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பட்டம். இங்கே குருத்வாரா எழக் காரணமாக இருந்தவர். ஜப்பானியர்கள் வந்த பிறகு இந்திய சுதந்திர லீகின் போர்ட் பிளேர் கிளைக்குத் தலைவர். அதாவது ஜப்பானின் ஆதரவோடு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்க்க அமைத்த சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். அவரைத்தான் பிரிட்டிஷ் உளவாளி என்று பிடித்தார்கள்.

இப்போது தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1943 அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூர் கேத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசை அறிவிக்கிறார். நம் மலாயாத் தமிழர்கள் கண்ணீரோடு கைதட்டிய நாள். இரண்டே நாள் கழித்து, அக்டோபர் 23-ஆம் தேதி, போர்ட் பிளேரில் திவான் சிங் கைதாகிறார். நவம்பர் 6-ஆம் தேதி டோக்கியோ மாநாட்டில் ஜப்பானியப் பிரதமர் டோஜோ, அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஆசாத் ஹிந்த் அரசுக்குத் தருவதாக அறிவிக்கிறார். டிசம்பர் 29-ஆம் தேதி நேதாஜி போர்ட் பிளேர் வருகிறார். 30-ஆம் தேதி ஜிம்கானா மைதானத்தில் கொடி ஏற்றுகிறார். செல்லுலர் சிறையையும் அவருக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதே சிறையில் திவான் சிங் கிடக்கிறார். அவரை மட்டும் காட்டவில்லை. 82 நாள் சித்திரவதைக்குப் பிறகு 1944 ஜனவரி 14-ஆம் தேதி அவர் இறந்தார். ஜனவரி 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை ஒன்றாக நிறுத்திச் சுட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் லீகைச் சேர்ந்தவர்கள்.

அந்த 44 பேரும் காகிதப்படி யாருடைய குடிமக்கள்? ஜப்பான் அறிவித்தபடி தீவுகள் ஆசாத் ஹிந்த் அரசின் மண். அதன் மக்களைத்தான் அதன் கூட்டாளி, தன்னிடம் தகவல் இருக்கிறது என்று சொல்லிச் சுட்டது.

நேதாஜிக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஜப்பானியர்கள் அவரை உள்ளூர்க்காரர்கள் நெருங்க விடவில்லை என்பதால் தெரிந்திருக்க வழியில்லை என்று ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி சொல்வதையே ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நெருடல். ஜோனல் மேனேஜர் ஒரு கிளைக்கு ஆய்வுக்கு வருகிறார் என்று வையுங்கள். மாலை, மரியாதை எல்லாம் நடக்கிறது. கிளை மேனேஜரை மட்டும் காணோம். "எங்கேப்பா அவர்?" என்று கேட்கமாட்டாரா? லீகின் தலைவர் நேதாஜி. கிளைத் தலைவர் திவான் சிங். அந்தக் கேள்விக்கு ஜப்பானியர்களிடம் இருந்திருக்கக்கூடிய ஒரே பதில், "அவர் உளவாளி" என்பதுதான். அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை என்பதுதான் என் எண்ணம். கப்பல் ஜப்பானுடையது, விமானம் ஜப்பானுடையது, துப்பாக்கிக் குண்டும் ஜப்பானுடையது. கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனிடம் போய் "உன் கணக்குப் புத்தகத்தைக் காட்டு" என்று சொல்வது லேசான காரியமா? (நேதாஜியைக் குறை சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். எங்கள் வீட்டிலும் அவர் படம் இருக்கிறது.)

நான் சொன்ன நம் ஆள் இப்போதுதான் வருகிறார். லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு துரைசாமி லோகநாதன். 1888-இல் பிறந்தவர், டாக்டர், இந்திய மருத்துவப் பணியில் இருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு வந்தவர், தற்காலிக அரசின் அமைச்சரவையில் ராணுவப் பிரதிநிதிகளில் ஒருவர். அவரைத் தீவுகளின் தலைமைக் கமிஷனராக நேதாஜி நியமித்தார். 1944 பிப்ரவரியில், ஹம்ஃப்ரிகஞ்ச் ரத்தம் காய்வதற்குள், நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஐம்பத்தைந்து வயதுக்காரர் போர்ட் பிளேரில் வந்து இறங்கினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் வைத்தாயிற்று. பெயர்ப்பலகை எல்லாம் தயார். ஆனால் பீரோ சாவி மட்டும் ஜப்பானியர்களின் இடுப்பில்.

போர் முடியும்வரை முழு நிர்வாகத்தையும் தர முடியாது என்றார்கள். கல்வித்துறை போன்ற சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். போலீஸ்? உளவு வழக்குகள் இருப்பதால் அதை மட்டும் தர முடியாது என்றார்கள். ஆட்களைப் பிடிக்கும் அதிகாரமும், ஏன் பிடித்தோம் என்ற காரணமும் கூட்டாளியிடமே இருக்கும். ஊர் யாருடையது என்ற பெயர் மட்டும் லோகநாதனுக்கு.

அவர் செய்த காரியம் சின்னதுதான். கல்வித்துறையை மட்டும் வாங்கிக்கொண்டார். போலீஸ் இல்லாமல் மற்ற துறைகள் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். வரலாற்றுப் புத்தகங்களில் இதைத் தோல்வி என்று ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். கையெழுத்துப் போட்டே வாழ்க்கையை ஓட்டுகிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. லெட்ஜரைத் திறந்து பார்க்க முடியாத கணக்குக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்வது தோல்வியா? அவர் எல்லாத் துறைகளையும் வாங்கியிருந்தால், அடுத்த உளவு வழக்கில் சுடப்பட்டவர்கள் "ஆசாத் ஹிந்த் நிர்வாகத்தில் தண்டிக்கப்பட்டவர்கள்" ஆகியிருப்பார்கள். அவரால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. பொய்க்குச் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் இருக்க முடிந்தது. 1944-ன் பிற்பகுதியில் அவர் தீவை விட்டுப் போனார். மேஜர் ஆல்வி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1945 இறுதியில் செங்கோட்டை வழக்கில் லோகநாதன் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தார். ஆசாத் ஹிந்த் ஒரு நிஜமான அரசு, அதற்கு மண் இருந்தது என்று காட்ட அந்தமானை எடுத்து வைத்தது எதிர்த்தரப்பு. அங்கே அவர் வாயிலிருந்து வந்த உண்மை, தன் கைக்கு வந்தது கல்வித்துறை மட்டும்தான் என்பது. தன் பக்கத்துக்கு இடைஞ்சலாக இருந்தும் மறைக்கவில்லை.

சரி, அப்படியானால் கூட்டாளி தரும் சரிபார்க்காத தகவலை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டுமா? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. நம்மில் பலருக்கு உறவு இருக்கிற இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 4-ஆம் தேதி இந்தியா கொழும்புக்கு எச்சரிக்கை அனுப்பியது. தேவாலயங்களைத் தாக்கப் போகிறார்கள் என்றது, பெயர்களும் சொன்னது. ஏப்ரல் 11-ஆம் தேதியிட்ட போலீஸ் கடிதம் ஒன்று அதே பெயர்களோடு அலுவலகங்களுக்குள் சுற்றியது. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தையே சரியாக இல்லாத நேரம். 21-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள். 260 பேருக்கு மேல் செத்தார்கள். சீயோனில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த குழந்தைகள். எச்சரிக்கை இருந்தும் காக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவைத் தன் கையிலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டச் சொன்னது.

ஏப்ரல் 4-ஆம் தேதி அந்தத் தகவலும் "சரிபார்க்காத தகவல்"தான். ஆனால் அதை நம்பி என்ன செய்திருக்க வேண்டும்? தேவாலய வாசலில் நாலு போலீஸ், பை சோதனை, ஆயர்களுக்கு ஒரு போன், பெயர் வந்தவர்கள் மேல் ஒரு கண். தகவல் பொய்யாகப் போயிருந்தால் நஷ்டம் என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். ஹம்ஃப்ரிகஞ்சில் தகவல் பொய்யானால் நஷ்டம் 44 உயிர், திருப்பித் தரவே முடியாது. "நம்பலாமா கூடாதா" என்று ஒரே தராசில் இரண்டையும் போடுவதில்தான் அரசாங்கங்கள் தடுமாறுகின்றன என்பேன். திரும்பப் பெறக்கூடிய காரியத்துக்கு அரைகுறைத் தகவல் போதும். ஆளைக் கொல்ல, ஊரைக் குண்டு போட, ஒருவரை நாடு கடத்த அது போதவே போதாது. கிரெடிட் கார்டில் சந்தேகமான செலவு வந்தால் கார்டை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கிறோம், வாடிக்கையாளரை ஜெயிலில் போடுவதில்லையே.

நாடு கடத்துவது என்றதும் வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் வரலாம். மாஹெர் அரார், சிரியாவில் பிறந்த கனடா குடிமகன், எஞ்சினியர். 2002 செப்டம்பரில் விடுமுறையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நியூயார்க் விமான நிலையத்தில் பிடித்து, சிரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் சிறை, அடி. கனடா போலீஸ், அவரைத் தீவிரவாதத் தொடர்புள்ளவர் என்ற மாதிரி எழுதிச் சரிபார்க்காமலேயே அமெரிக்காவுக்குத் தந்த தகவல் இதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று 2006-இல் விசாரணைக் கமிஷன் சொன்னது. அவர் மேல் குற்றம் எதுவும் இல்லை என்றும் சொன்னது. 2007-இல் கனடா மன்னிப்புக் கேட்டு ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர் கொடுத்தது. என் மேனேஜர் சொன்ன ஐந்தாவது வரி இங்கே கிழிந்து போயிருந்தது. இது சரிபார்க்கவில்லை, இதை வைத்து இன்னின்னது செய்யாதே என்ற நிபந்தனை ஒட்டாமலே காகிதம் எல்லை தாண்டிவிட்டது. வாங்குகிறவன் மட்டுமல்ல, தருகிறவனும் பொறுப்பு.

சரி, ஈராக்கையும் ஒரு வரியில் தொட்டுவிடுகிறேன். ஜெர்மனியிடம் 'கர்வ்பால்' என்ற சங்கேதப் பெயரில் ஒரு இராக்கியர் இருந்தார். நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள் என்று அவர் சொன்ன கதையை 2003 பிப்ரவரியில் ஐ.நா. சபையில் அமெரிக்கா படித்தது. போர் தொடங்கும்வரை அமெரிக்க உளவுத்துறை அவரை உட்கார வைத்து விசாரிக்கவே இல்லை. 2011-இல், சொன்னது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். உலகத்திலேயே பெரிய வல்லரசுக்கும் ஃபைலைத் திறந்து பார்க்க மனமில்லாமல் போகும் என்பதற்காகச் சொல்கிறேன். தகவல் நம் ஆசைக்கு ஒத்துப்போனால் யாருக்குமே ஐந்தாவது வரி கண்ணில் படாது.

இந்தத் தீவுகளிலேயே நல்ல விதமாக நடந்ததும் உண்டு. நமக்கு வடக்கே மியான்மரின் கோகோ தீவு இருக்கிறது. அங்கே சீனா ஒட்டுக்கேட்கும் நிலையம் வைத்திருக்கிறது என்று 1990-களில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின, ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டினார்கள். (மறுபடியும் அக்காமடேஷன் பில்!) 1998-இல் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸும் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் யாரும் அவசரப்பட்டு எதுவும் செய்துவிடவில்லை. 2005-இல் கடற்படைத் தளபதி அருண் பிரகாஷ், அங்கே அப்படி எந்தச் சீன நிலையமும் இல்லை என்றார். முன்பு அதை நம்பி எழுதிய ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆண்ட்ரூ செல்த்தே பிறகு மாற்றி எழுதினார். 2023-இல் வந்த செயற்கைக்கோள் படங்களில் அங்கே விமான ஓடுபாதை நீண்டிருப்பது தெரிந்தது. அதுவும் தள்ளிவிட வேண்டிய சங்கதி அல்ல. ஆனால் இப்போது இந்தியாவுக்குச் சொந்தக் கண் இருக்கிறது. 2001-இல் போர்ட் பிளேரில் முப்படைக் கட்டளையகம் வந்தது, வடக்கே திக்லிபூர் பக்கம் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. அடுத்தவன் சொன்னதைச் சரிபார்க்க நமக்கென்று ஒரு கண் வேண்டும். 1944-இல் லோகநாதனிடம் இல்லாதது அதுதான்.

ஜப்பானியர்களின் உளவுப் பயம் கடைசிவரை போகவில்லை. 1945-இல் கார் நிக்கோபாரில், பிரிட்டிஷ் கப்பல்களுக்கு வாணம் விட்டு சைகை காட்டினார்கள் என்று தீவுவாசிகளைப் பிடித்து அடித்துக் கொன்றார்கள். அந்த வழக்கு 1946-இல் சிங்கப்பூர் போர்க்குற்ற நீதிமன்றத்துக்கு வந்தது. 1945 ஆகஸ்டில், சரணடைய சில நாட்களே இருக்கும்போது, விவசாயம் செய்ய நிலம் தருகிறோம் என்று போர்ட் பிளேரிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி ஹாவ்லாக் பக்கம் கடலில் தள்ளினார்கள். அதே ஹாவ்லாக்தான் இன்று ஸ்வராஜ் த்வீப், நம்மவர்கள் தேனிலவுக்கு வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் தீவு. அக்டோபரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. ஜிம்கானா மைதானத்தில், நேதாஜி கொடி ஏற்றிய அதே இடத்தில், ஜப்பானியர்கள் வாளை ஒப்படைத்தார்கள்.

லோகநாதன் அப்போது கைதி. அதற்கு முன், ஜப்பானியர்கள் ரங்கூனைக் கைவிட்டுப் போன நாட்களில், ஆறாயிரம் இ.தே.ரா. வீரர்களை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் படை வரும்வரை அந்த நகரத்தில் கொள்ளை நடக்காமல் காத்தவர் அவர்தான். அங்கே போலீஸ் வேலை அவர் கையில் இருந்தது. 1949-இல் காலமானார்.

விடுமுறைக்கு இந்தப் பக்கம் வருபவர்கள் செல்லுலர் சிறை ஒலி-ஒளிக் காட்சி பார்ப்பீர்கள், வண்டூர் கடற்கரைக்கும் போவீர்கள். வண்டூர் போகும் வழியில்தான் ஹம்ஃப்ரிகஞ்ச். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது, டிரைவரிடம் சொன்னால் நிறுத்துவார். ஜனவரி 30 அன்று வருடாவருடம் மாலை வைப்பார்கள். மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது.